மாடி டேங்கில் நான்கு வருடமாக ஓடும் நோட்எம்சியு

பகல் முழுக்க எனக்கு ஜாவாஸ்கிரிப்ட்தான் வேலை, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துவிடுவேன். அப்படிச் செய்தவற்றில் வீட்டில் எல்லோரும் தினமும் பயன்படுத்துவது ஒன்றுதான், மாடி டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் காட்டும் கருவி. ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள நோட்எம்சியு என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, ஒலி அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், பழைய போன் சார்ஜர், அவ்வளவுதான்.

நான்கு வருட வெயிலிலும் மழையிலும் போர்டு ஒருமுறைகூடக் கைவிடவில்லை. மாற்ற வேண்டி வந்தது சென்சாரைத்தான். முதலில் போட்ட எச்சி-எஸ்ஆர்04 மூடாத வகை, டேங்குக்குள் எப்போதும் ஈரம், ஆறே மாதத்தில் துரு ஏறிவிட்டது. அப்புறம் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்கினேன், கார் பம்பரில் இருப்பது போன்ற தண்ணீர் புகாத வகை. நன்றாக உழைக்கிறது, ஆனால் சுமார் 20 சென்டிமீட்டருக்குள் இருப்பதை அதால் அளக்க முடியாது, நமக்கோ டேங்க் நிரம்பும் நேரத்து அளவுதான் முக்கியம், அதனால் மூடியில் துளை போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து அதன் உச்சியில் பொருத்தினேன்.

நிறையக் கற்றுக்கொண்டது கோடில். பிரவுசரில் ஒரு டேபுக்கே சில நூறு எம்பி மெமரி போகும், இங்கே வைஃபை போக மிஞ்சுவது 40, 50 கேபி. நான் பழக்கதோஷத்தில் ஸ்ட்ரிங்குகளை (எழுத்துத் தொடர்களை) ஒட்டி ஒட்டி, சர்வருக்கு அனுப்பும் தகவலை ஜேசன் வடிவத்தில் தயாரித்தேன், மெமரி துண்டு துண்டாகச் சிதறி மூன்று நாளுக்கு ஒருமுறை ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. முன்கூட்டியே அளவு நிர்ணயித்து ஒதுக்கிய மெமரி இடத்துக்கு (பஃபர்) மாறியதும் அது நின்றது. நின்ற பிறகுதான் இன்னொரு தவறு வெளியே வந்தது! 49வது நாள் இரவு, ஒரே நிமிடத்துக்குள் நூற்றுக்கணக்கான அளவீடுகள் சர்வரில் வந்து குவிந்தன. போர்டு ஆன் ஆனதிலிருந்து மில்லிவிநாடிகளை எண்ணும் மில்லிஸ் கவுண்டர் 32 பிட், 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த அளவீட்டு நேரத்தைக் கூட்டி வைத்து ஒப்பிட்டதுதான் பிழை, இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்துப் பார்த்தால் பிரச்சினையே இல்லை. அதுவரை அடிக்கடி ரீசெட் ஆனதால் இது தெரியாமலே இருந்திருக்கிறது.

வெயில் காலத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். யாரும் குழாயைத் திறக்காத மத்தியானத்தில் தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர் ஏறியதாக கிராப் காட்டியது. டேங்குக்குள் காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், ஒரு டிகிரிக்கு விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர். எதிரொலி சீக்கிரம் திரும்பியதால் தண்ணீர் பக்கத்தில் இருப்பதாகக் கணக்கு வந்திருக்கிறது. ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் சேர்த்ததும் கோடு நேராகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் எந்த வெப்சைட் வேலையிலும் வந்ததில்லை.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று, எதிரொலி வந்ததைப் போர்டுக்குச் சொல்லும் சென்சாரின் எக்கோ பின்னில் 5 வோல்ட் வரும், போர்டுக்கு 3.3தான் ஆகும், 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் போட்டுக் குறைக்காமல் இணைக்காதீர்கள். புதிதாக வாங்குவதானால் ஈஎஸ்பி32 வாங்குங்கள், மெமரி தாராளம். டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானே நிற்கும்படி செய்யும் வேலை இப்போது நடக்கிறது, மோட்டார் இழுக்கும் கரண்டுக்குச் சின்ன ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தாங்காது, பெரிய கரண்டைத் தாங்கும் கான்டாக்டர் வாங்கி வைத்திருக்கிறேன்.