65 வயதில் எதை எடுப்பது: அசல் மெடிகேரா, அட்வான்டேஜா?

அமெரிக்காவில் 65 வயதை நெருங்கும் பலரையும் குழப்பும் கேள்வி இது. மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதை அரசே நேரடியாக நடத்துவது அசல், அரசின் ஒப்புதலுடன் தனியார் நிறுவனங்கள் நடத்துவது அட்வான்டேஜ்.

மாதச் செலவு: பார்ட் பி (மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான மெடிகேர் பகுதி) சந்தா இரண்டிலும் உண்டு, 2025இல் பெரும்பாலோருக்கு 185 டாலராக இருந்தது. அசலில் மருந்துக் காப்பீட்டுக்கும் அசல் விட்டுவைக்கும் செலவை ஏற்கும் மெடிகேப் என்ற தனியார் துணைக் காப்பீட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றில் கூடுதல் சந்தாவே இல்லை.

பெரிய நோய் வந்தால்: அசலில் மருத்துவர் கட்டணத்தில் பொதுவாக 20 சதவீதம் நம் தலையில், உச்சவரம்பு கிடையாது. மெடிகேப் இருந்தால்தான் தப்பலாம். அட்வான்டேஜில் நம் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு.

மருத்துவர்: அசலில் மெடிகேரை ஏற்கும் எவரிடமும் போகலாம். அட்வான்டேஜில் பெரும்பாலும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ளவரிடம் மட்டுமே. பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதியும் வேண்டும்.

மனம் மாறினால்: பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். 65 வயதில் பார்ட் பி தொடங்கி 6 மாதங்கள் வரை மெடிகேப் நிறுவனங்கள் நோயைக் காட்டி யாரையும் மறுக்க முடியாது. அதன் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம். அட்வான்டேஜிலிருந்து அசலுக்குத் திரும்பி மெடிகேப் எடுக்க நினைப்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். நோயுற்ற பிறகு கதவைச் சாத்தும் இந்த விதி கொடுமையானது, மாற்றப்பட வேண்டும்.

நீண்டகால நோய் உள்ளவர்கள், சந்தா கட்ட முடிந்தால், அசலும் மெடிகேப்பும் எடுங்கள். மாதச் செலவே பாரமென்றால் அட்வான்டேஜ். உங்கள் மருத்துவர் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வருமானம் மிகக் குறைவென்றால் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டுக்கும் விண்ணப்பியுங்கள்.