லண்டனைச் சுற்ற டியூபா, பஸ்ஸா?

முதல் தடவை லண்டன் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டியூப் என்கிற சுரங்க ரயிலில்தான் ஏறுவார்கள். வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, சரி. ஆனால் 1933-ல் வந்த அதன் புகழ்பெற்ற வரைபடம் தூரத்தைச் சரியாகக் காட்டாது. லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷனுக்கும் கோவன்ட் கார்டன் ஸ்டேஷனுக்கும் நடுவே 300 மீட்டர்கூட இல்லை. கீழே இறங்கி, ரயில் பிடித்து, மேலே வருவதற்குள் நடந்தே போய்விடலாம். கோவன்ட் கார்டனில் லிஃப்ட்டுக்குக் கூட்டம் என்று படியேறினால் மொத்தம் 193 படி. மூட்டுவலிக்காரர்களோடு போகிறவர்கள் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்தான் என்பேன். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 2025-ல் 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் கார்டைத் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் தனியாகக் காசு பிடிக்கமாட்டார்கள். 15-ம் எண் பஸ்ஸில் மாடியில் முன் இருக்கை கிடைத்தால் டிரஃபால்கர் சதுக்கம், செயின்ட் பால் தேவாலயம், லண்டன் டவர் எல்லாம் வரிசையாக வரும். சுற்றுலா பஸ்ஸுக்குக் கொட்டிக்கொடுக்கும் பணம் மிச்சம். ஒரே குறை, நெரிசல் நேரத்தில் ஊர்ந்துதான் போகும். நாடகத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தால் டியூபிலேயே போய்விடுங்கள்.

இரண்டிலுமே ரொக்கம் கொடுத்து ஏறும் வேலை வேண்டாம். பஸ்ஸில் 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். தட்டிப் போகும் வங்கி கார்டு போதும். இந்திய கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ்ஸையும் ஊரிலேயே வங்கி ஆப்பில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், டியூபில் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். உள்ளே போகும்போது போனைத் தட்டி, வெளியே வரும்போது கார்டைத் தட்டினால் இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் முற்றுப்பெறாத இரண்டு பயணமாகக் கணக்காகி, தலா அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். ஆளுக்கு ஒரு கார்டு, நாள் முழுக்க அதே கார்டு.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர மட்டும் பஸ்ஸை மறந்துவிடுங்கள். டியூபின் பிக்காடில்லி லைன் மலிவு, ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும். எலிசபெத் லைன் ரயிலில் கட்டணம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பெட்டியோடு ஏற இடம் உண்டு, அரை மணியில் பேடிங்டன் ஸ்டேஷன், அதற்கு மேலும் ஊருக்குள் போகும். பதினைந்தே நிமிடம் என்று ஆசைகாட்டும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலோ பேடிங்டனோடு நின்றுவிடும்.