ஆன்டிபயோகிராம் அட்டை: பல வருடம் புழங்கிய பிறகு

ரத்தத்தில் கிருமி பரவியவருக்கு முதல் ஆன்டிபயாடிக் எழுதும்போது, சிங்கப்பூர் வார்டுகளில் கை தேடுவது ஆன்டிபயோகிராம் அட்டையைத்தான். போன வருடம் லேபில் வளர்ந்த கிருமிகளில் எத்தனை சதவீதம் எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டன என்ற கணக்கு அது. உருப்படியான கருவிதான். ஆனால் முதலில் எடுக்க வேண்டியதல்ல.

முதலில் அவருடைய பழைய கல்ச்சர், அதாவது அவருடைய ரத்தத்திலோ சிறுநீரிலோ முன்பு எந்தக் கிருமி வளர்ந்தது என்ற லேப் முடிவு. சில மாதங்களுக்கு முன் சிறுநீரில் இஎஸ்பிஎல் வகை (செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதி உள்ள) ஈகோலை பாக்டீரியா வளர்ந்திருந்தால், செஃப்ட்ரியாக்ஸோனுக்கு நேரே அட்டையில் 80% என்று இருந்து என்ன பயன்? அவருக்கு மெரோபெனம் 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. பிப்பராசிலின்-டாசோபாக்டம் போதாதா என்று இன்னமும் கேட்கிறார்கள். சிங்கப்பூரும் பங்கேற்ற மெரினோ ஆய்வில் (2018), செஃப்ட்ரியாக்ஸோனுக்கு அடங்காத ஈகோலை, க்ளெப்சியெல்லா ரத்தத்தில் இருந்தவர்களில் 30 நாளில் இறந்தவர்கள் பிப்பராசிலின் பக்கம் 12.3%, மெரோபெனம் பக்கம் 3.7%.

அட்டையின் பெரிய குறை அதைத் தயாரிக்கும் விதியிலேயே இருக்கிறது. ஒரு நோயாளியிடம் அந்த வருடம் முதலில் வளர்ந்த கிருமி மட்டுமே கணக்கில் சேரும். அதே கிருமி பிறகு மருந்துக்கு எதிர்ப்பு கூடி வந்தால் அது சேராது. சிறுநீரும் ரத்தமும் கலந்த சதவீதமா என்று பார்ப்பவர் குறைவு. 30 மாதிரிக்குக் கீழே வளர்ந்த கிருமிக்கு வழக்கமாக இடமே இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் நோய் அப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது. மழைக்காலம், சர்க்கரை நோயாளி, நுரையீரலில் சளி என்றால் அட்டை சொல்லாவிட்டாலும் அதை நினைக்க வேண்டும். செஃப்ட்ரியாக்ஸோனை அங்கே நம்ப முடியாது, ஜென்டாமைசின் பொதுவாகக் கேட்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம்.

மருந்து ஏறுவதற்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பது: 2 செட், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. நரம்பு கிடைக்கவில்லை என்று 3 மில்லி விட்டால் கிருமி வளராமலே போகலாம். பிறகு எந்த மருந்தைக் குறைப்பது என்று யாருக்கும் தெரியாது. அதற்காக, செப்டிக் ஷாக்கில் (தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலையில்) இருப்பவருக்கு முதல் டோஸை ஒரு மணி நேரம் தாண்டவிடக் கூடாது.

எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃப் ஆரியஸ் பாக்டீரியா) சந்தேகத்தில் வான்கோமைசின் என்றால் முதல் டோஸ் எடையைப் பார்த்து: கிலோவுக்கு 25 மில்லிகிராம், 60 கிலோவுக்கு 1,500. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருப்பதைக் கண்டு அதையே பாதியாக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. சிறுநீரகத்துக்காகக் குறைப்பதெல்லாம் அடுத்தடுத்த டோஸ்களில். கல்ச்சரில் சாதாரண ஸ்டாஃப் ஆரியஸ் என்று வந்துவிட்டால் அன்றே செஃபசோலின் அல்லது க்ளாக்ஸசிலினுக்கு மாற்றுங்கள். அந்தக் கிருமிக்கு வான்கோமைசின் மட்டமான மருந்து.

இன்னொன்று: புது அட்டை ஒட்டும்போது பழையதைக் கிழித்துவிடுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால், இரவு ஷிஃப்டில் எது கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.