கொரோனா வார்டில் பெற்ற செவிலியர் சேவை: தாமதமாக எழுதும் மதிப்புரை

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் 11 நாள்கள் சிகிச்சை பெற்றேன். செவிலியர் சேவையை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். கழிப்பறையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கவச உடையை அணிந்துவிட்டால் பணிநேரம் முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்க இயலாது என்ற நிலையிலும், மின்விசிறி மட்டுமே சுழன்ற அந்தக் கத்திரி வெயில் காலத்து வார்டில், செவிலியர்கள் படுக்கை படுக்கையாகச் சென்று ஒவ்வொருவரின் ஆக்சிஜன் அளவையும் குறித்துக்கொண்டார்கள். முகம் தெரியாததால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதியிருந்தார்கள். எனக்கு அளவு 88-க்கு இறங்கிய இரவில், குப்புறப் படுக்க வைத்து, "ஐயா, மெதுவா மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்லியபடி, அது 93-ஐத் தொடும்வரை ஒரு சிஸ்டர் அகலாமல் நின்றார். உறவினருக்கு அனுமதியில்லாத அந்த வார்டில் முதியவர்களுக்குக் கஞ்சி ஊட்டியதும், தம் கைப்பேசியில் வீட்டாரின் முகத்தைக் காட்டியதும் எந்தப் பணிப்பட்டியலிலும் இல்லாதவை.

குறை என்றால், இரவில் அழைத்தால் வரத் தாமதமாகும். ஆள் பற்றாக்குறைக்கு அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஐந்துக்கு ஐந்து.

செவிலியர்களின் இந்த மன உறுதி இயல்பாக வந்தது என்று நான் நம்பவில்லை; ஒருவரை ஒருவர் தாங்கி நின்றதில் வந்தது. உள்ளே நுழையுமுன் ஒருவர் முகக்கவசத்தை மற்றவர் சரிபார்த்ததும், பக்கத்துப் படுக்கை காலியான பிறகு இருவர் சிறிது நேரம் பேசாமல் சேர்ந்து நின்றதும் நான் கண்டவை. பெருந்தொற்றுக்காகத் தமிழக அரசு ஒப்பந்த அடிப்படையில் சேர்த்த செவிலியர் பலரின் பணியோ 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது; அதை எதிர்த்து அவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.