பழைய 35-க்கு 15டபிள்யூ-40: இரண்டு வருஷம் ஊற்றிப் பார்த்தது

15டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் டப்பாவின் முன்பக்கத்தில் பளபளவென்று ஒரு புது லாரி, அதற்குப் பின்னால் பனிமலை. என் கொட்டகையில் நிற்பதோ 1961-இல் செய்த மாஸி பெர்குசன் 35 ட்ராக்டர். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல், இரண்டரை லிட்டர் இன்ஜின். லாரிப் படம் போட்ட ஆயிலை இதற்கு ஊற்றலாமா என்று யோசித்தே ஒரு மாதத்தை ஓட்டினேன். கடைசியில் ஊற்றி, இப்போது இரண்டு வருஷமும் கிட்டத்தட்ட 120 மணி நேர ஓட்டமும் ஆகிவிட்டது. தாராளமாக ஊற்றலாம். ஏன் என்பதை, நடுவில் நான் அடித்த கூத்துகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் டப்பாவைத் திருப்புங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று எஸ்ஏஇ எண், இன்னொன்று ஏபிஐ எழுத்து. வாங்குகிறவருக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். முன்பக்கம் இருக்கும் "சூப்பர்", "அல்ட்ரா" எல்லாம் படம் வரைந்தவருடைய வேலை.

எஸ்ஏஇ எண் ஆயிலின் கெட்டித்தனத்தைச் சொல்வது. 15டபிள்யூ-40-இல் வரும் டபிள்யூ என்பது விண்டர், குளிர்காலம். நான் ரொம்ப நாளாக அதை வெயிட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குளிரில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆயில் எவ்வளவு இளகி வழிவிடும் என்பதை முன் எண் சொல்கிறது. பின் எண், 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. அந்தச் சூட்டில் 30-ஆம் நம்பர் ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தனத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும், 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. அதாவது 40 என்பது 30-க்கு அடுத்த படிதான். பழைய கையேட்டில் 30 என்று போட்டிருக்கிறதே, 40 ஊற்றினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கையேட்டைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வண்டிக்காரர்கள் குளிருக்கு மெல்லிய ஆயில், வெயிலுக்குக் கெட்டி ஆயில் என்று பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எழுதியவர்கள் கையில் இருந்ததில் நல்லதைச் சொன்னார்கள். இன்றைக்கு ஒரே டப்பா இரண்டு பருவத்துக்கும் போதும்.

ஆனால் நான் முதலில் ஊற்றியது 15டபிள்யூ-40 இல்லை. "வண்டி பழசுண்ணே, சிலிண்டர் போர் தேஞ்சிருக்கும். கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்துங்க, பிரஷர் சும்மா நிக்கும்" என்றார் மெக்கானிக். ஊற்றினேன். பிரஷர் நின்றது உண்மைதான். நானே மாட்டிய கேஜில் முள் எப்போதும் இல்லாத உயரத்தில் நின்றதைப் பார்த்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஒரு குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஸ்டார்ட்டர் முனகியது. இன்ஜின் பிடித்த பிறகும் முள் எழ நேரமானது, அதுவரை மேலே டாப்பெட் பக்கம் கடகடவென்று ஒரே சத்தம். அப்புறம்தான் உறைத்தது. ஆயில் போக மறுத்து முரண்டு பிடிப்பதைத்தான் கேஜ் பிரஷர் என்று காட்டுகிறது. முள் உயர்ந்தால் ஆயில் போக வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் போகிறது என்று அர்த்தம் இல்லை. சூடான பிறகு பேரிங்குக்கு ஆயில் பற்றாத அளவு தேய்ந்த இன்ஜினுக்கு 50 ஒரு தற்காலிக வைத்தியம். என் இன்ஜின் அந்த நிலையில் இல்லை. 15டபிள்யூ-40 மாற்றிய பிறகு, நன்றாகச் சூடாகி வேலை செய்யும்போது 40 பிஎஸ்ஐ காட்டுகிறது. இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இனி ஏபிஐ எழுத்து, ஆயிலின் தரத்தைச் சொல்வது. டீசல் ஆயிலுக்கு சி என்று தொடங்கும். எழுத்து நகர நகரப் புதுசு. சிஎஃப் 1994, சிஎச்-4 1998, சிஐ-4 2002, சிஜே-4 2006, சிகே-4 2016 கடைசி. நான் ஊற்றுவது சிஐ-4. அது கிடைக்காவிட்டால் சிகே-4 வாங்குவேன், மனசு கலங்காது. சிஜே-4-இலிருந்து புகைக்குழாயில் வடிகட்டி உள்ள புது வண்டிகளுக்காகச் சாம்பல், பாஸ்பரஸ் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்டன. பாஸ்பரஸுக்கு 0.12 சதவீதம் வரம்பு. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மானத்தோடு வருவதுதான் அந்தப் பாஸ்பரஸ். அது குறைந்தால் பழைய இன்ஜினில் வால்வுகளைத் தள்ளும் கேம் தேய்ந்துவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. பந்தயக் காருக்கு அந்தப் பயம் நியாயம். மெதுவாகச் சுற்றும், வால்வு ஸ்பிரிங் இளசாக இருக்கும் ட்ராக்டருக்கு டீசல் ஆயிலில் இருக்கும் அளவே போதும். தனியாகச் சின்னப் பாட்டிலில் வாங்கி ஊற்றுவது வீண் செலவு என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: எஃப்ஏ-4. சிகே-4-உடனேயே வந்தது, புது லாரி இன்ஜின்களுக்காக வேண்டுமென்றே மெல்லிசாகச் செய்தது. பழைய வண்டிக்கு அது இல்லை.

பெட்ரோலில் ஓடும் பழைய பெர்குசன் வைத்திருப்பவர்கள் சிஐ-4/எஸ்எல் (எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு) என்று இரண்டும் அச்சிட்ட டப்பாவைப் பார்த்து வாங்கலாம்.

"ட்ராக்டர் ஆயில்" என்று பெரிதாக அச்சிட்ட டப்பாவிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. யுடிடிஓ என்றால் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், எண்ணெயில் மூழ்கிய பிரேக் ஆகியவற்றுக்கு; இன்ஜினுக்கு ஆகாது. எஸ்டிஓயு என்றால் இன்ஜினுக்கும் ஆகும். 35-இல் கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே ஆயிலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, இன்ஜின் தனி. ட்ராக்டர் படம் இருக்கிறதே என்று யுடிடிஓ டப்பாவைத் தூக்கி இன்ஜினில் கவிழ்க்கப் போய், கடைசி நேரத்தில் பின்பக்கம் படித்து நிறுத்தியவன் நான்தான்.

டிடர்ஜென்ட், அதாவது கசடைக் கழுவும் சேர்மானம், கலந்த ஆயில் பழைய இன்ஜினைக் கெடுக்கும் என்பார்கள். அதில் பாதி உண்மை. டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் பல வருஷம் ஓடிய இன்ஜினில் கசடு தார் போல ஒட்டியிருக்கும், நல்ல ஆயில் அதைக் கிளப்பிவிடும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்று தெரியாது, அதனால் முதல் ஆயிலை 20 மணி நேரத்திலேயே பில்டரோடு மாற்றினேன். பழைய பில்டரின் மடிப்புகளைக் கத்தியால் பிரித்துப் பார்த்தேன். மினுக்கும் உலோகத் தூள் இல்லை, கறுப்புக் கசடு மட்டும் விரலில் ஒட்டியது. அடுத்ததை 30 மணி நேரத்தில் பிரித்தபோது பாதிகூட இல்லை. இப்போது வருஷத்துக்கு ஒருமுறை. எனக்கு வருஷத்தில் 60 மணி நேரம் ஓடினாலே அதிகம், ஆனால் சும்மா நின்றாலும் உள்ளே ஈரமும் அமிலமும் சேரும். ஊற்றிய இரண்டாம் நாளே ஆயில் கறுத்துவிட்டது என்று யாராவது அலறினால் கண்டுகொள்ளாதீர்கள். டீசல் கரியை அடியில் தங்கவிடாமல் ஆயில் தன்னோடு சுமந்து திரிகிறது, அதனால்தான் அந்தக் கறுப்பு.

பில்டர் மாற்றும்போது ஒன்று. மேல் மூடியின் பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் அதைக் கவனிக்காமல் புது வளையத்தை அதன் மேலேயே வைத்து இறுக்கினேன். ஸ்டார்ட் செய்த நொடியில் ஆயில் பீய்ச்சி, என் சட்டையும் முன் சக்கரமும் ஒரே நிறம். இப்போதெல்லாம் ஒரு கோணி ஊசியால் பள்ளத்தைச் சுற்றிக் கிளறிப் பார்க்காமல் புதுசை எடுப்பதில்லை.

இரண்டாம் வருஷம்தான் பெரிய கலவரம். அளவு கம்பியை இழுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி விரற்கடை உயரம் நிற்கிறது. நான் ஊற்றவே இல்லை. டப்பா மேல்தான் முதல் சந்தேகம், மட்டமான ஆயில் நுரைத்துவிட்டது என்று திட்டினேன். கம்பியை முகர்ந்தபோது டீசல் வாடை குப்பென்று அடித்தது. ஒரு சொட்டைத் தாளில் விட்டேன். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி வெளுப்பாக ஒரு வளையம் மெல்லப் பரவியது. இன்ஜின் பக்கவாட்டில், கேம் தள்ளி ஓட்டும் டீசல் பம்பின் உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு கிழிந்து, டீசல் நேராக இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கியிருக்கிறது. பம்பையும் ஆயிலையும் மாற்றினேன். அன்றைக்குக் கம்பியைப் பார்க்காமல் பாரம் இழுக்கப் போயிருந்தால், நீர்த்த ஆயிலில் பேரிங் போயிருக்கும். ஆயில் மேல் பழி இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கிராங்கின் பின் சீல் அந்தக் காலத்துக் கயிறு சீல். கிளச் கூண்டின் அடியில் இருக்கும் துளை வழியாக, 20டபிள்யூ-50 ஊற்றியபோது வாரத்துக்கு இரண்டு சொட்டு விழுந்தது, இப்போது நாலைந்து. 50 மணி நேரத்துக்கு அரை லிட்டர் டாப்-அப் கேட்கிறது. அறுபது வயது தாண்டிய இன்ஜினுக்கு அது நியாயம்தான் என்று அடியில் ஒரு தகரத் தட்டு வைத்துவிட்டேன். செயற்கை ஆயில் பக்கம் போகவில்லை, வருஷத்துக்கு 60 மணி நேர ஓட்டத்தில் அந்தச் செலவுக்குப் பலன் தெரியாது.

டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதையும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம். வாய் சிறிசு, காற்றுப் போக வழி இல்லை. சாய்த்தால் குபுக் குபுக்கென்று துப்பி மேனிஃபோல்டில் விழுந்து புகைகிறது. வாய் மேல்பக்கம் வருமாறு டப்பாவைப் படுக்கவைத்துச் சாய்த்தால் கொஞ்சம் அடங்கும்.

இந்த முறை மாற்றியபோது டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை, இன்ஜினுக்குப் போகும் காற்றின் தூசியை ஆயிலில் பிடிக்கும் ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஊற்றினேன், கிண்ணத்துக் கோடு வரை மட்டும். கோட்டைத் தாண்டினால் இன்ஜின் அதையும் உறிஞ்சிக் குடிக்கும்.