25 ஆண்டு என்று எழுதிய எண்ணெய்த் தளம் எத்தனை ஆண்டு நிற்கும்? எஃகு ஜாக்கெட், கான்கிரீட் கால், மிதவைக் கப்பல்: ஓர் ஒப்பீடு

கடலில் நிற்கும் எந்த எண்ணெய்த் தளத்தின் வடிவமைப்பு ஆவணத்தைப் புரட்டினாலும் 20 அல்லது 25 ஆண்டு என்ற எண் கண்ணில் படும். துருவுக்காக எத்தனை மில்லிமீட்டர் தடிமனைக் கூடுதலாக விடுவது, எஃகுக்குப் பதிலாகத் தான் கரைந்து துருவைத் தடுக்கும் உலோகக் கட்டியான அனோடை எத்தனை கிலோ கட்டுவது, அலை எத்தனை முறை மோதும் என்று கணக்குப் போட ஒரு காலவரை வேண்டும். அதற்காக எடுத்துக்கொண்ட எண் அது. தளம் சாகும் தேதி வேறு இடத்தில் முடிவாகிறது.

வடகடலில் நார்வேயின் ஸ்டாட்ஃபியோர்டு ஏ என்ற கான்கிரீட் கால் தளம் 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2022-இல் மூடுவதாக இருந்தது. 2020-இல் முடிவை மாற்றி 2027 வரை நீட்டினார்கள். அதே கடலில் 1976-இல் வேலைக்கு வந்த அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதவைத் தளம் 1980 மார்ச் 27 அன்று கவிழ்ந்தது. 123 பேர் இறந்தார்கள். ஹைட்ரோபோன் என்ற சிறு கருவியைப் பொருத்துவதற்காக ஒரு குறுக்குக் குழாயில் போட்ட 6 மி.மீ. வெல்டிங்கில் தொடங்கிய விரிசல்தான் காரணம். குழாய் அறுந்ததும் ஒரு கால் முழுதாகப் பிய்ந்து போனது. ஆகவே ஒப்பிட வேண்டியது வயதை அல்ல. எந்த வகைத் தளம் எந்த இடத்தில் முதலில் தோற்கும், அந்த இடத்தை எட்டிப் பார்த்துச் சரிசெய்ய முடியுமா என்பதே கேள்வி.

எஃகு ஜாக்கெட்

மும்பை ஹை, மெக்சிகோ வளைகுடா போன்ற ஆழம் குறைந்த கடல்களில் பெரும்பான்மை இதுதான். எஃகுக் குழாய்களைக் கோத்துச் செய்த கூண்டு. அதைக் கடலடியில் அறைந்த நீண்ட எஃகுத் தூண்களான பைல்கள் பிடித்துக்கொண்டிருக்கும். இதன் ஆயுளைத் தின்பவை இரண்டு: துரு, உலோகச் சோர்வு.

துருவில் மூன்று மண்டலம். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியை அலுமினிய அனோடுகள் காக்கின்றன. கணக்கு எளிது. வெப்பக் கடலில், 30 மீட்டருக்குக் கீழே, பூச்சில்லாத எஃகுக்குச் சதுர மீட்டருக்குச் சராசரி 60 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டுக்கு அது ஏறத்தாழ 13,100 ஆம்பியர் மணி. ஒரு கிலோ அலுமினியக் கலவை 2,000 ஆம்பியர் மணி தரும். அதில் 90 சதவீதமே பயன்படும். ஆக, ஒரு சதுர மீட்டருக்கு ஏழு கிலோவுக்குச் சற்று மேல். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 0.80 வோல்ட் அல்லது அதைவிட எதிர்மறையாக இருந்தால் எஃகு பத்திரம். அளவு மைனஸ் 0.85-ஐ நெருங்கத் தொடங்கினால் அனோடு தீர்ந்து வருகிறது என்று பொருள். அப்போது பழையதைக் கழற்ற வேண்டியதில்லை. புது அனோடுகளை ஒரு சட்டத்தில் கட்டிக் கடலடியில் இறக்கி, கேபிளையும் கிளாம்பையும் கொண்டு ஜாக்கெட்டோடு இணைத்தால் போதும். ஆயுள் நீட்டிப்பு வேலைகளில் இவ்வளவு மலிவானது வேறில்லை.

அலை தெறிக்கும் பட்டையில் நிலைமை வேறு. அங்கே எஃகு நனைந்தும் காய்ந்தும் கிடப்பதால் அனோடின் மின்னோட்டம் போய்ச் சேராது, உயிர்வளிக்கோ குறைவில்லை. பூச்சு உரிந்தால் ஆண்டுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை போகும் என்றுதான் வடிவமைப்பாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். 25 ஆண்டுக்கு அது 7.5 முதல் 10 மி.மீ. மூழ்கியெழும் அந்த இடத்தில் அலை ஓயாமல் அடிப்பதால் மறுபூச்சு சரியாக ஒட்டவும் செய்யாது. 30 வயதுத் தளத்தைப் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பட்டையின் தடிமன் அளவுகளை; கடலடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் தளத்துக்கு ஏறிவரும் ரைசர் குழாய்களின் அளவையும் சேர்த்துத்தான்.

ரைசரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை நார்த் தளத்தின் ரைசரில் உதவிக் கப்பல் ஒன்று மோதியது. கசிந்த எரிவாயு பற்றிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் தளமே எரிந்து சரிந்தது. 22 பேர் இறந்தார்கள். 1981-இல் வந்த தளம் அது. ரைசர்கள் ஜாக்கெட்டுக்கு வெளியே, கப்பல் அணையும் பக்கத்தில் இருந்தன. துருவையும் சோர்வையும் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் இந்த அமைப்புப் பிழை அந்தக் கணக்கில் வராது.

இனி சோர்வு. ஆறு நொடிக்கு ஓர் அலை என்றால் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல். குழாய்கள் கூடும் முடிச்சுகளில், வெல்டிங்கின் ஓரத்தில், விரிசல் பிறக்கும். தகைவு, அதாவது உலோகத்துக்குள் எழும் விசை, 10 சதவீதம் கூடினால் ஆயுளில் கால்வாசி போய்விடும், ஏனென்றால் தகைவின் மும்மடிக்கு ஏற்ப ஆயுள் குறைகிறது. பிறகு சேர்த்த ரைசர்கள், 10 செ.மீ. தடிமனுக்கு அப்பிய சிப்பியும் கடல் பாசியும், எல்லாம் அலையின் பிடிமானத்தைக் கூட்டுபவை. அதனால் சிப்பியைச் சுரண்டுவது சுத்தத்துக்காகச் செய்யும் வேலை இல்லை, சுமைக் குறைப்பு. எட்டிப் பார்க்கக்கூடிய முடிச்சுக்குக் கணக்கு ஆயுள் தேவையைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். எட்டவே முடியாத முக்கிய முடிச்சுக்குப் பத்து மடங்கு.

சோதனை முறையும் ஜாக்கெட்டுக்குச் சாதகம். குழாய்களுக்குள் காற்றுதான் இருக்கும். ரோபோ வாகனத்தை இறக்கி, காமா கதிரையோ மீயொலியையோ செலுத்தி, உள்ளே நீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். நீர் இருந்தால் விரிசல் சுவரைத் துளைத்துவிட்டது. இது முரட்டுச் சோதனைதான், ஆனால் உற்பத்தியை நிறுத்தாமல் ஒரே பருவத்தில் முழுக் கூண்டையும் பார்த்துவிடலாம். கண்டுபிடித்த இடத்தில் விளிம்பைத் தேய்த்து விரிசலை எடுப்பது, கிளாம்பு போட்டு கிரவுட் என்ற சிமென்ட் குழம்பை நிரப்புவது என வழிகள் உண்டு. பைல்களுக்கு மட்டும் இந்த வசதி இல்லை. மண்ணுக்குள் போன பைலை யாரும் பார்க்க முடியாது. அறைந்த நாளில் எழுதிய பதிவேடுதான் சாட்சி. அந்தப் பதிவேடு தொலைந்த தளத்துக்கு மோசமான எண்ணை எடுத்துக் கணக்குப் போடுவார்கள். பழைய காகிதம் இல்லாததாலேயே நீட்டிப்புக்குத் தகுதி இழக்கும் தளங்கள் உண்டு.

இன்னொன்று, தரைமட்டம். வடகடலின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் சுண்ணப்பாறையிலிருந்து எண்ணெய் எடுக்க எடுக்கப் பாறை அமுங்கிக் கடலடியே இறங்கியது. 1984-இல்தான் தெரிந்தது. 1987-இல் கால்களை வெட்டி, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தளங்களை 6 மீட்டர் உயர்த்தினார்கள். அலை மேல்தளத்தைத் தொட்டால் ஜாக்கெட்டின் மீதான சுமை பன்மடங்காகிவிடும். மெக்சிகோ வளைகுடாவில் 2005-இன் கத்ரீனா, ரீட்டா புயல்கள் 113 தளங்களைச் சாய்த்தன. தாழ்வான மேல்தளம் உள்ள பழைய தளங்களுக்கு அலை மேல்தளத்தைத் தொடுவதே பெரிய ஆபத்து.

கான்கிரீட் கால்

ஆயுள் என்ற ஒரே அளவுகோலில் இதுதான் முதலிடம். அடியில் பெரிய சேமிப்பறைகள், அவற்றின் மேல் மூன்று நான்கு கோபுரங்கள், தன் எடையாலேயே நிற்கும். பைல் இல்லை. வெல்டிங் முடிச்சு இல்லை. நல்ல அடர் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 5 முதல் 7 செ.மீ. மூடலும் இருந்தால் உப்பு உள்ளே போவது மிக மெதுவாகத்தான். 1970-களில் வடகடலில் இறக்கியவை பெரும்பாலும் இன்றும் திடமாக இருக்கின்றன.

கட்டும்போது வரும் ஆபத்துதான் பெரிது. 1991 ஆகஸ்டில் ஸ்லைப்னர் ஏ தளத்தின் கான்கிரீட் அடித்தளம் சோதனைக்காக மூழ்கடிக்கப்பட்டபோது, அறைகளுக்கு இடையிலுள்ள முக்கோணச் சுவர் உடைந்து நார்வே ஃபியோர்டில் போய்ச் சிதறியது. கணினி மாதிரி அந்தச் சுவரின் வெட்டுவிசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது.

வேலைக்கு வந்த பிறகு கான்கிரீட்டைவிட, அதன் காலுக்குள் ஓடும் எஃகுக் குழாய்கள்தான் தொல்லை. காற்றோட்டம் குறைந்த ஆழ்ந்த தண்டு அது. கசிவு வந்தால் வாயு தேங்கும். 2003-இல் வடகடலின் பிரென்ட் பிராவோ தளத்தின் காலுக்குள் வாயு கசிந்து இருவர் இறந்தார்கள். 2008-இல் ஸ்டாட்ஃபியோர்டு ஏ-யின் தண்டில் எண்ணெய் கொட்டி ஆட்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. கால் நூறாண்டு தாங்கும் என்று சொல்லி உள்ளே இருக்கும் குழாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தால், கணக்கில் நீட்டிய ஆயுள் உண்மையில் நீளவில்லை.

மிதவைக் கப்பல்

எண்ணெயைப் பிரித்து, தன் டேங்குகளிலேயே சேமித்து, வேறு கப்பலுக்கு ஏற்றிவிடும் கப்பல். 1977-இல் ஸ்பெயின் கடலில் முதலாவது வந்தது. பழைய டேங்கர்களை மாற்றிச் செய்வதும் உண்டு. புதிதாகக் கட்டுவதும் உண்டு. ஆழ்கடலில் இதற்குப் போட்டி குறைவு. ஆயுளில் மட்டும் இது இளைத்துவிடுகிறது.

சாதாரண டேங்கர் குறித்த இடைவெளியில் உலர்துறைக்குப் போய் அடிப்பாகம் முழுதும் பார்க்கப்பட்டு வரும். இது 20 ஆண்டு அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கும். டேங்குக்குள் பார்க்க வேண்டுமானால் காலி செய்து, கழுவி, வாயு நீக்கி, ஆள் இறங்க வேண்டும். பக்கத்து டேங்கில் கச்சா எண்ணெய் இருக்க, இந்த டேங்கில் தகடு மாற்ற வெல்டிங் செய்வது எத்தனை அனுமதிச் சீட்டுகளைக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. படுக்கை எண்ணிக்கையும் வரம்புக்குட்பட்டது. உற்பத்தி ஆட்கள் போக மிச்சம் இருக்கும் இடத்துக்குத்தான் வெல்டர்கள் வரலாம். அதனால் உலர்துறையில் சில வாரங்களில் முடியும் தகட்டு வேலை இங்கே ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கப்பலின் சமநிலைக்குக் கடல்நீர் நிரப்பும் பாலாஸ்ட் டேங்கின் பூச்சு உரிவதும், எண்ணெய் டேங்கின் அடித்தகட்டில் குழிகுழியாக அரிப்பதும் வழக்கமான தொடக்கங்கள்.

இரண்டாவது, நங்கூரச் சங்கிலி. கண்ணியின் விட்டம் கடல் பரப்புக்கு அருகிலும் கடலடியைத் தொடும் இடத்திலும் அதிகம் தேயும். அங்கோலாவின் கிராசோல் வயலில் எண்ணெய் ஏற்றும் மிதவையின் சங்கிலிகள் ஓராண்டு முடிவதற்குள் அறுந்தன. கண்ணிகள் இழுவிசையில் இறுகி, மிதவை ஆடும்போது பக்கவாட்டில் வளைந்ததுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. அதற்கு முன் அந்த வளைவை யாரும் வடிவமைப்பில் கணக்கிடவில்லை. 2011 பிப்ரவரியில் வடகடல் புயலில் கிரிஃபன் ஆல்ஃபா மிதவைக் கப்பலின் பத்துச் சங்கிலிகளில் நான்கு போயின. உற்பத்தி திரும்ப 2013 ஆயிற்று.

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே இரண்டு எடுத்துக்காட்டு. ஷீகாலியன் கப்பல் 1998-இல் வந்து 2013-இல் விலக்கப்பட்டது. வயலில் எண்ணெய் மிச்சம் இருந்ததால் கிளென் லயான் என்ற புதிய கப்பல் 2017-இல் வந்தது. ஃபாய்னாவன் கப்பல் 1997-இல் தொடங்கியது. 25 ஆண்டு வடிவமைப்பு ஆயுளை எட்டும் நிலையில் 2021-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இரண்டு இடத்திலும் வயல் கப்பலைவிட அதிகம் வாழ்ந்தது. வயல் ஆயுள் 30 ஆண்டைத் தாண்டும் என்று தெரிந்தும் மிதவையைத் தேர்ந்தால், நடுவில் ஒரு கப்பல் மாற்றும் செலவையும் சில ஆண்டு உற்பத்தி இழப்பையும் முதல் நாளே கணக்கில் எழுதிவிடுவதுதான் நேர்மை.

மிதவை பெரும்பாலும் வாடகைக்கு வருவதால் இன்னொரு ஆயுளும் அதற்கு உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே காவிரிப் படுகையில் பிஒய்-3 வயல் 1997-இல் மிதவை வசதியும் கடலடிக் கிணற்றுத் தலைகளும் கொண்டு உற்பத்தியைத் தொடங்கியது. இந்தியாவில் இந்த முறையில் அது முன்னோடி. 2011-இல் மிதவையின் ஒப்பந்தம் முடிந்ததும் உற்பத்தி நின்றது. எஃகு தேயவில்லை, எண்ணெய் தீரவில்லை, காகிதம் தீர்ந்தது. ஜாக்கெட் நிறுவனத்தின் சொந்தச் சொத்து. இப்படி ஒரு நாளில் கிளம்பிப் போகாது.

ஜாக்-அப்

துளையிடும் ரிக். கால்களை இறக்கி நிற்கும், தூக்கிக்கொண்டு நகரும். இதன் கால் எஃகு உயர்வலிமை கொண்டது. அனோடு மிகையாகி மின்னழுத்தம் ஏறத்தாழ மைனஸ் 0.95 வோல்ட்டைவிட எதிர்மறையாகப் போனால் ஹைட்ரஜன் புகுந்து அந்த எஃகு நொறுங்கும் தன்மை பெறும். ஜாக்கெட்டுக்கு நல்லது இதற்குக் கெட்டது. இடம் மாறும்போது 100 மீட்டருக்கு மேல் வானில் நீட்டிய கால்கள் ஆடுவதும் சோர்வைக் கூட்டும்.

மும்பை ஹை-யைக் கண்டுபிடித்த சாகர் சாம்ராட் 1973-இல் ஜப்பானில் கட்டிய ஜாக்-அப். 2011-இல் அதை உற்பத்தித் தளமாக மாற்ற முடிவெடுத்தார்கள். 2022 டிசம்பரில்தான் அது வேலைக்கு வந்தது. நாளுக்கு 20,000 பீப்பாய் கையாளும் திறன். ஏறத்தாழ 50 வயது உடலுக்கு இது சாதனைதான். ஆனாலும் பழைய ரிக்கை மாற்றினால் காலம் மிச்சமாகும் என்ற வாதத்துக்கு அந்தப் பதினொரு ஆண்டுகள் உதவவில்லை.

அகற்றும்போது

கணக்கு இங்கே தலைகீழாகிறது. மிதவை, சங்கிலியை அவிழ்த்தால் போய்விடும். ஜாக்கெட்டைக் கடலடிக்குக் கீழே பைலை வெட்டித் தூக்கலாம். மெக்சிகோ வளைகுடாவில் சிலவற்றைக் கவிழ்த்து மீன்களுக்குச் செயற்கைப் பாறையாக விடுகிறார்கள். கான்கிரீட் கால் தளமான பிரென்ட் டெல்ட்டாவின் 24,000 டன் மேல்தளத்தை 2017-இல் பயனியரிங் ஸ்பிரிட் கப்பல் ஒரே தூக்கில் எடுத்தது. கீழே இருக்கும் மூன்று லட்சம் டன் கான்கிரீட்டை எடுக்க அப்படி ஒரு கப்பல் இல்லை. வடகிழக்கு அட்லாண்டிக் கடலைக் காக்கும் ஓஸ்பார் உடன்படிக்கையின் 1998 முடிவு பொதுவாக எல்லாவற்றையும் அகற்றச் சொல்கிறது. கான்கிரீட்டுக்கும், 10,000 டன்னுக்கு மேற்பட்ட பழைய எஃகு ஜாக்கெட்டுகளின் அடிப்பகுதிக்கும், ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்குத் தர வழி விட்டிருக்கிறது. வடகடலின் ஃபிரிக் எரிவாயு வயலின் கான்கிரீட் அடித்தளங்கள் அந்த வழியில்தான் கடலிலேயே விடப்பட்டன.

கிணறுகளை அடைப்பதில் மட்டும் மிதவை தோற்கிறது. ஜாக்கெட்டிலும் கான்கிரீட் தளத்திலும் சொந்தத் துளைக் கோபுரம் இருந்தால், அதைக் கடைசி வரை பழுது பார்த்து வைத்துக்கொண்டு மேலிருந்தே சிமென்ட் அடைப்புப் போட்டுவிடலாம். மிதவையின் கிணறுகள் கடலடியில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து ரிக்கோ சிறப்புக் கப்பலோ நாள் வாடகைக்கு வர வேண்டும். ஆழ்கடலில் அகற்றல் செலவின் பெரும்பகுதி இதுதான். மிதவை மலிவு என்று காட்டும் ஆரம்ப மதிப்பீடுகளில் இந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.