பினாங்கா, சிங்கப்பூரா? மதிய வெயில் சொன்ன பதில்

குறுகிய விடுமுறை, ஆனால் மூன்றும் வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கோரிக்கை. நல்ல சாப்பாடு, காலையில் நடக்க ஒரு காடு, சாயங்காலம் சும்மா சுற்ற பழைய வீடுகளும் புதுக் கடைகளும் கலந்த தெருக்கள். சென்னையிலிருந்து இதற்குத் தோதான ஊர்கள் என்று பார்த்ததில் கடைசி வரை நின்றவை சிங்கப்பூரும் மலேசியாவின் பினாங்குத் தீவும். சிங்கப்பூர் எங்களுக்கு ஏற்கெனவே பழகிய ஊர். இந்த முறை பினாங்குக்குப் போனோம். அடுத்த முறையும் அங்கேதான் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கீழே வருவதில் சாய்வு இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோலாலம்பூரை ஏன் விட்டோம் என்று கேட்பீர்கள். அங்கேயும் எல்லாம் இருக்கிறது. ஊர் நடுவிலேயே புக்கிட் நானாஸ் காடு, ரயிலில் போனால் பத்துமலை, பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாடு, பங்சாரில் காபிக் கடைகள். ஆனால் அது காருக்காகக் கட்டிய ஊர். கண்ணுக்கு எதிரே தெரியும் கட்டடத்துக்குப் போக மேம்பாலம், சுரங்கப்பாதை என்று சுற்ற வேண்டியிருக்கும். நடந்தே சுற்றுகிறவர்களுக்குச் சரிப்படாது.

செலவு, விசா விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிங்கப்பூரில் அறை வாடகை கையைக் கடிக்கும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசாவும் வேண்டும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது. சலுகை 2026 கடைசி வரை என்று நீட்டித்திருக்கிறார்கள். போவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். முன்பு பினாங்கு என்றால் கோலாலம்பூரில் விமானம் மாறுவதே ஒரு வேலை. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் விட்ட பிறகுதான் பினாங்கு எங்கள் பேச்சிலேயே வந்தது. கால அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால், பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காடு. இதில் சிங்கப்பூர்தான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. 1859-ல் தொடங்கிய அவர்களுடைய தாவரவியல் பூங்கா 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. உள்ளேயே தோட்டத்தை விடப் பழைய மழைக்காட்டுத் துண்டு ஒன்று இருக்கிறது. காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவில்தான் மூடுகிறார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது, எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் நிலையமோ வாசலிலேயே. இன்னும் நடக்க வேண்டுமா, மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காட்டுக்குள் போகலாம். மர உச்சியில் 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் உண்டு, திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். ஹார்பர்ஃப்ரண்ட் பக்கமிருந்து குன்று குன்றாகப் போகும் 10 கிலோமீட்டர் நடைபாதையில், சாலைக்கு 36 மீட்டர் மேலே அலை வடிவ ஹெண்டர்சன் பாலம் வருகிறது. எல்லாமே ரயிலுக்குப் பக்கம், எல்லாமே இலவசம், எங்கே பார்த்தாலும் வழிகாட்டிப் பலகை.

பினாங்கில் காடு இருக்கிறது, போய்ச் சேரத்தான் பொறுமை வேண்டும். தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் படகுத்துறையிலிருந்து புறப்படும் 204-ம் எண் பேருந்து பினாங்கு மலை அடிவாரத்தில் இறக்கிவிடும். நெரிசலைப் பொறுத்து அரை மணியிலிருந்து முக்கால் மணி. மேலே ஏற 1923-லிருந்தே இழுவை ரயில் ஓடுகிறது, இப்போதுள்ள பெட்டிகள் 2011-ல் வந்தவை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல், வார இறுதியில் வரிசையும் நீளம். ஆனாலும் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இறங்கினதும் முகத்தில் படுகிற காற்று வேறு. 2021-ல் இந்த மலையையும் சுற்றுப்புறத்தையும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மேலே ஹேபிடட் என்ற காட்டுப்பாதையில் தனிக் கட்டணம் கட்டி நடந்தோம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சாம்பல் நிறக் குரங்குக் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் கிளை மாறிக்கொண்டிருந்தது. தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி மட்டும் பளீரென்று ஆரஞ்சு நிறம். யாரோ சாயம் பூசிவிட்ட மாதிரி. எங்களைப் பார்த்து ஒரு சலனமும் இல்லாமல் கொழுந்து இலையாகத் தேடிப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன.

காசு செலவழிக்க மனமில்லை என்றால் 1884-ல் உருவான தாவரவியல் பூங்கா இருக்கிறது. நுழைவு இலவசம், விடியற்காலையில் உள்ளூர்ப் பெரியவர்கள் கூட்டம்தான். மலைக்குப் போகும் ஏற்றமான ஜீப் பாதையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது, சுமார் 5 கிலோமீட்டர். பாதி ஏறித் திரும்பினோம், முழங்கால் அனுமதிக்கவில்லை. பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன் கோயில், 513 படி. தைப்பூசத்துக்குத் தீவே அங்கே திரளும், அந்தச் சமயத்தில் போகிறவர்கள் அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். தீவின் வடமேற்கு முனையில் தெலுக் பாகாங்கில் தேசியப் பூங்காவும் கடற்கரையோரக் காட்டுப் பாதைகளும் உண்டு. 101-ம் எண் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் விட்டுவிட்டோம். அதைப் பற்றி நான் பேசுவது முறையில்லை.

சாப்பாட்டில் இரண்டு ஊரையும் எடைபோடவே எனக்குத் தயக்கம். சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுத்தம், விலைப்பட்டியல், உட்கார இடம் எல்லாம் ஒழுங்கு. ஒரே கூரைக்குக் கீழ் சீனம், மலாய், தமிழ் என்று மூன்று கடையில் வாங்கி ஒரே மேசையில் சாப்பிடலாம். தேக்கா சந்தையில் பிரியாணிக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப் போய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் வரை போகலாம்.

பினாங்கில் அந்த ஒழுங்கு கிடையாது. கடைக்காரர் ஓர் உணவை மட்டும் இருபது முப்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பார், அவருக்குத் தோன்றினால்தான் கடை திறப்பார். ஆனால் சுவை அங்கே ஒரு படி மேல் என்பது என் கட்சி. அசாம் லக்சா ஒன்றே போதும்: புளி போட்ட மீன் குழம்பில் பருமனான அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, வெங்காயம், அன்னாசி, இஞ்சிப் பூ, கடைசியில் ஒரு கரண்டி கறுத்த இறால் விழுது. முதல் வாய்க்கு மூக்கைச் சுளிப்பீர்கள், மூன்றாவதில் கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பீர்கள். நாசி கண்டார் நம் ஆட்கள் கொடுத்தது. தமிழ் முஸ்லிம்கள் காவடியில் சோறும் கறியும் தூக்கிப் போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் தொடங்கியது. சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் சோறு மூழ்கும் வரை ஊற்றுவார்கள், சொல்லிப் பாருங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் மனைவி சைவம். பினாங்கின் தெருக்கடைகளில் பாதி அவளுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. சார் குவே தியா என்ற வறுத்த அரிசி நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு போடுவது வழக்கம், காய்கறி வதக்கலில்கூட இறால் விழுது ஒளிந்திருக்கும். லிட்டில் இந்தியா, சீன பௌத்த சைவக் கடைகள், கெங் குவீ சந்தில் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பு என்று அவள் ஒரு தனி வரைபடம் போட்டுக்கொண்டாள். சிங்கப்பூரில் அவளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தெருக்கள் என்று பார்த்தால், சிங்கப்பூரில் தியோங் பாரு எனக்குப் பிடித்த பேட்டை. 1930-களில் கட்டிய, முனை வளைந்த வெள்ளை அடுக்குமாடிகள், கீழே ரொட்டிக் கடைகள், சந்தை மாடியில் உணவங்காடி. ஜூ சியாட்டில் வண்ண வண்ணப் பெரனாக்கான் (சீன, மலாய்க் கலப்பு மரபினர்) வீடுகள். 2024-ல் மரின் பரேட் நிலையம் திறந்த பிறகு போவதும் சுலபம். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு மூலையில். ஒன்றைப் பார்த்துவிட்டு ரயில் ஏறித்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஜார்ஜ்டவுனில் எல்லாம் ஒரே பாய்விரிப்பு. ஆர்மீனியன் தெருவில் 2012-ல் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஓவியம் (அதன் முன்னால் எப்போதும் போட்டோ வரிசை, நாங்கள் எட்டிப் பார்த்ததோடு சரி), கப்பித்தான் கெலிங் மசூதி, குவீன் தெரு மாரியம்மன் கோயில், கடல் மேல் கால் ஊன்றி நிற்கும் சியூ குலத்தார் வீடுகள், பழைய பேருந்துப் பணிமனையைக் கலைக்கூடமாக மாற்றிய ஹின் பஸ் டிப்போ, அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. நடையிலேயே முடிந்துவிடும்.

சரி, காடு சிங்கப்பூருக்கு, சாப்பாடு மயிரிழையில் பினாங்குக்கு, தெரு ரசனையைப் பொறுத்து. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? எங்களுக்கு முடிவு செய்தது மதியம்.

இரண்டு ஊரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி, கூடவே சட்டையைப் பிழியும் புழுக்கம். அதனால் காடு என்றால் காலை பத்துக்குள். தெரு சுற்றல் ஐந்துக்குப் பிறகு. நல்ல சாப்பாடும் காலை, இரவு என்று இரண்டு கரையில்தான். பினாங்கின் சூலியா தெரு, கிம்பர்லி தெருத் தள்ளுவண்டிகள் இருட்டுகிற நேரத்தில்தான் அடுப்பு மூட்டுகின்றன. நடுவில் பதினொன்றிலிருந்து நாலு வரை ஐந்து மணி நேரம் இருக்கிறது. பயணத் திட்டம் போடுகிற யாரும் இந்த ஐந்து மணி நேரத்தை எழுதுவதில்லை. அதை எங்கே கழிக்கிறோம் என்பதுதான் இரவு பத்து மணிக்கு நமக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறது.

சிங்கப்பூரில் எங்கள் கைக்கு எட்டும் வாடகையில் கிடைக்கும் அறை, நாங்கள் சுற்றும் பேட்டையில் இருக்காது. காட்டிலிருந்து வியர்த்து வந்து, ரயில் மாறி, நிலையத்திலிருந்து நடந்து அறைக்குப் போய்க் குளித்துவிட்டு மறுபடி கிளம்புவதற்குள் மூன்று மணி. எதற்கு வம்பு என்று வெளியிலேயே இருந்துவிடுவோம். குளிரூட்டிய மால், நேஷனல் கேலரி, நூலகம் என்று ஒதுங்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது ஓய்வு ஆகாது. ஈரச் சட்டை ஏசியில் காயும், பாதம் வலித்துக்கொண்டே இருக்கும், உட்கார ஒரு காபி வாங்க வேண்டும். மாலை தியோங் பாருவுக்குப் போகும்போது பாதி உயிர்தான் மிச்சம்.

ஜார்ஜ்டவுனில் நாங்கள் தங்கியது கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடு ஒன்றில். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் நம் செட்டிநாட்டு வீடுகளில் உள்ளதுபோல் வானம் பார்த்த முற்றம். பத்தரைக்குக் காட்டிலிருந்து திரும்பி, ஒரு தட்டு நாசி கண்டாரைக் கட்டிவிட்டு, அஞ்சடி (கடைகளின் முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதை) நிழலிலேயே ஏழெட்டு நிமிடம் நடந்தால் அறை. குளியல், மின்விசிறி, மரத்தரை, இரண்டு மணி நேரத் தூக்கம். நாலு மணிக்கு மழை பெய்தால் முற்றத்தில் விழும் சத்தத்தில் எழுந்து, அது விட்டதும் கதவைத் திறந்தால் நாம் பார்க்க வந்த தெரு வாசலிலேயே கிடக்கும். மறந்துபோன குடைக்காகக்கூடத் திரும்பி வரலாம். ஒரே நாளில் மூன்றையும் அலுப்பில்லாமல் செய்ய முடிந்தது இந்த ஒன்றால்தான்.

இந்த வசதிக்குப் பின்னால் ஒரு உறுத்தல் இல்லாமல் இல்லை. இந்தக் கடைவீடுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் ஏராளம். அந்தப் பாதுகாப்பு 2000-ல் முடிவுக்கு வந்ததும் வாடகை எகிறி நிறையப் பேர் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்த பிறகு காலியான வீடுகள் பல விடுதியாகவும் காபிக் கடையாகவும் மாறின. நாங்கள் தூங்கிய அறையும் ஒரு காலத்தில் யாரோ ஒரு குடும்பத்தினுடையதுதான்.

கடைவீட்டு அறை எல்லோருக்கும் ஒத்துவராது. லிஃப்ட் இருக்காது, படி செங்குத்து, மேல்மாடியில் யாராவது நடந்தால் கீழே கேட்கும். அஞ்சடியில் ஒவ்வொரு கடை வாசலும் ஒவ்வொரு உயரம், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ தள்ளிக்கொண்டு போக முடியாது. வயதான அம்மா அப்பாவோடு போவதாக இருந்தால் நான் மறுபேச்சில்லாமல் சிங்கப்பூருக்கு டிக்கெட் போடுவேன். சிறு குழந்தைகளோடு எப்படி என்று எனக்கு அனுபவம் இல்லை. மழையைப் பொறுத்தவரை பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மோசம். சிங்கப்பூரில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. நாங்கள் போனது இரண்டும் இல்லாத மாதம்.

பினாங்கு டிக்கெட் சிங்கப்பூர் வழியாக அமைந்து, கையில் விசாவும் ஒரு பகலும் இருந்தால் இப்படிச் செய்யலாம்: காலை ஆறரைக்குத் தாவரவியல் பூங்கா, ஒன்பது மணிக்கு வெளியே வந்து நடக்கிற தூரத்தில் ஆடம் ரோடு உணவங்காடியில் நாசி லெமாக், மதியத்துக்கு நேஷனல் கேலரி, சாயங்காலம் தியோங் பாரு. அறையே எடுக்க வேண்டாம். பெட்டியை விமான நிலையத்தில் பாதுகாப்பகத்தில் போட்டுவிட்டுப் போகலாம்.